முட்டைக்காரன் கூண்டுக்கு வெள்ளை அடித்த கதை

அந்தக் கூண்டு வந்து இறங்கிய அன்றைக்கே தெரு முழுக்க முட்டை வாடை.

மினி லாரியின் பின்தொட்டி மேல் தொப்பி மாதிரி கவிழ்த்து வைக்கிற ஃபைபர் கூண்டு அது. பூந்தமல்லியில் ஒரு காயலாங்கடையின் மூலையில் கிடந்தது. அதற்கு முன்னால் யாரோ ஒரு முட்டை வியாபாரியின் வண்டியில் இருந்திருக்கிறது. உடம்பு முழுக்க ரத்தச் சிவப்பு. இரண்டு பக்கமும் மஞ்சளில் ஒரு கோழிப் படம், அதில் ஒரு கோழிக்குக் கண் தேய்ந்துபோயிருந்தது. செங்கல்வராயன் அதைத் தன்னுடைய ‘குட்டி யானை’ மினி லாரியின் முதுகில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு முத்தாபுதுப்பேட்டைக்கு வந்து சேர்ந்தபோது, எதிர்வீட்டுத் துலுக்கானம் வாசலில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தார். துலுக்கானம் சுவருக்குச் சுண்ணாம்பும் பெயின்ட்டும் அடிக்கிறவர். வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டுத்தான் பேசினார்.

"இன்னா மச்சான், லோடு அடிக்கிறத வுட்டுட்டு கோழிப் பண்ண வச்சிட்டியா?"

"வெள்ள அடிச்சா எல்லாம் மறஞ்சிடும் மச்சான்."

"கோழி மறையும். வாட மறையுமா? உள்ள தட்டிப் பாரு, குஞ்சு கிஞ்சு பொரிச்சிக்கினு கீதான்னு."

செங்கல்வராயன் சிரித்துக்கொண்டே கயிற்றை அவிழ்த்தான். அவனுக்கு அன்றைக்குச் சிரிப்பு வந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் அதற்குப் பிறகு அவன் அப்படிச் சிரித்ததைப் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

வண்டி வாங்கின காலத்தில் அவனுக்கு வேலை தேடிவரும். மார்க்கெட்டுக்குக் காய்கறி, வீடு மாறுகிறவர்களின் கட்டில் பீரோ, கல்யாணத்துக்கு வாடகைப் பாத்திரம், எதுவும் இல்லாவிட்டால் செங்கல். இப்போது எல்லாரும் கைப்பேசியைத் தட்டினால் எங்கிருந்தோ ஒரு வண்டி வந்து நிற்கிறது. ஆவடி ஸ்டாண்டில் செங்கல்வராயனும் அவன் வயசுக்காரர்களும் வண்டியை வரிசையாகப் போட்டுவிட்டு நிழலில் உட்கார்ந்திருப்பார்கள். நிழல் நகர நகர இவர்களும் நகர்வார்கள். பொழுது போய்விடும். லோடு மட்டும் வராது.

அப்படி இருக்கும்போதுதான் அம்பத்தூரில் மருந்துப் பெட்டி அனுப்புகிற ஒரு கம்பெனி, மூடின வண்டிகளுக்குத் தினசரி வேலை தருவதாகத் தகவல் வந்தது. திறந்த தொட்டி ஆகாது, மழை வெயில் படக்கூடாது. முழு வெள்ளையாக இருக்க வேண்டும். எழுத்து, படம் எதுவும் கூடாது. காணும் பொங்கலுக்கு மறுநாள் காலையில் வண்டியைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். பிடித்தால் எடுத்துக்கொள்வார்கள். வண்டியின் முகம் ஏற்கெனவே வெள்ளைதான். முதுகுக்கு ஒரு கூண்டு கிடைத்து, அதுவும் வெள்ளையாகிவிட்டால் போதும்.

அந்த வேலை கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதும் முடிவாகியிருந்தது. அவன் பெண்டாட்டி வேம்புலியம்மாள் காட்டுப்பாக்கத்தில் ஒரு அடுக்குமாடியில் படிக்கட்டு பெருக்கித் துடைக்கிற வேலைக்குப் போகிறாள். அங்கே செகரட்டரி லோகநாதன் சார் கேட்டில் உட்கார ஒரு வாட்ச்மேன் வேண்டும் என்று அவளிடம் கேட்டிருந்தார்.

"பொங்க கழியட்டும் சார், சொல்றேன்னு சொல்லிட்டு வந்துகீறேன்," என்றாள் வேம்புலி. "கம்பெனில எடுத்துக்கினா வண்டி. இல்லன்னா வண்டிய குட்த்துட்டு கேட்டு. நடுவுல நின்னுகினு ஸ்டாண்டுல சீட்டு ஆடிக்கினு இருக்கிறது இனிமே வேணாம்யா. ஓடாத வண்டி வாசல்ல நிக்கிறத பாக்க முடியல என்னால."

அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் செங்கல்வராயனுக்கு அந்த கேட்டை நினைத்தாலே உடம்பு குறுகும். அவன் அப்பன் கடைசி வரைக்கும் அடுத்தவன் வரப்பில் நின்றவன். யாராவது வா என்றால் வருவான், போ என்றால் போவான். அந்த வம்சத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்த முதல் ஆள் இவன். வண்டி ஓட்டுகிறவனுக்கு அடுத்தவன் கேட்டைத் திறந்துவிட வேண்டும். அடுத்தவன் வண்டிக்கு இவன் எழுந்து கேட்டைத் திறப்பதா? அதை வாய்விட்டு யாரிடமும் சொல்லவில்லை. கூண்டைத் தேய்க்கத் தொடங்கினான்.

பட்டறையில் விட்டால் புகையாகப் பெயின்ட்டை ஊதி கண்ணாடி மாதிரி ஆக்கித் தந்துவிடுவார்கள். அதற்கு இவன் கையில் வழி இல்லை. உப்புத்தாளும் வாளித் தண்ணீரும் தன் தோள்பட்டையும்தான் இவனுக்கு வழி. கூண்டைக் கழற்றி வாசலில் செங்கல் அடுக்கி அதன் மேல் வைத்தான். தண்ணீர் தொட்டுத் தொட்டுத் தேய்த்தான். சிவப்புத் தண்ணீர் ஓடிச் சாக்கடையில் இறங்கியது. அந்தப் பக்கமாகப் போன ஒரு கிழவி ஆடு வெட்டினீர்களா என்று கேட்டுவிட்டுப் போனாள். ஒரு கோழி போய்விட்டது. கண் தேய்ந்த கோழி மட்டும் போக மாட்டேன் என்றது.

சாயங்காலங்களில் துலுக்கானம் வந்து பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, வாயால் வேலை பார்ப்பார். விரிசலுக்கு வைக்கிற பட்டி அவர் வேலை செய்த ஏதோ ஒரு வீட்டில் மிஞ்சியது. ரோலரும் அவருடையதுதான். "செவுத்துக்கு அடிக்கிற பெயின்ட்டு இன்னா, வண்டிக்கு அடிக்கிற பெயின்ட்டு இன்னா? செவுரு நிக்கிது, வண்டி ஓடுது. அம்மாந்தான் வித்தியாசம்," என்பார். ஆனால் ஒன்றை மட்டும் சிரிக்காமல் சொன்னார். "மார்கழிப் பனி மச்சான். எனாமல் காயாது. தொட்டா ஒட்டிக்கினே இருக்கும். போகி முடியட்டும், வெயில் ஏறுனதும் அடி. பொங்க, மாட்டுப் பொங்க, காணும் பொங்கன்னு காய நாள் கீது."

வேம்புலியும் அதையே சொன்னாள். போகியன்றைக்கு விடியற்காலை ஊரே எரியும். டயர் எரிந்து பறக்கிற கரித்தூள், அந்தக் கருக்கல், கொடியில் காயும் துணியைக்கூட விடாது.

கேட்க வேண்டுமே. செங்கல்வராயனுக்கு ஒரு எண்ணம் பிடித்துவிட்டது. போகி என்பது பழசைக் கழிக்கிற நாள். போகி விடியும்போது கூண்டு பழசாக இருந்தால், பழசாகவே தையில் கால் வைக்கும். அப்படிக் கால் வைத்த பொருள் விளங்காது. முட்டைக்காரனின் பீடை அதோடு கூடவே வரும். என்ன பீடை என்று அவனுக்கே தெரியாது. நல்லா ஓடின வண்டியின் கூண்டு காயலாங்கடைக்கு ஏன் வருகிறது? ஏதோ ஒன்று இருக்கத்தானே வேண்டும்?

"போகி விடியறதுக்குள்ள அது புச்சா ஆயிடணும்," என்றான்.

"ஆவட்டும்யா. பொகைக்கு இன்னா பண்ணுவே?"

"தெருவுல போயி சொல்லிட்டு வரேன்."

சொன்னபடியே, போகிக்கு முந்தின நாள் மத்தியானம் வெள்ளையை அடித்து முடித்துவிட்டு, கையில் பெயின்ட் திட்டோடு ஒவ்வொரு வாசலாகப் போனான். இந்த ஒரு வருசம் நம் தெருவில் டயர் கொளுத்தாதீர்கள் என்று கேட்டான். கேட்டது சின்ன விஷயமில்லை. அந்தத் தெருப் போகிக்கு வருசா வருசம் டயர் கொடுத்ததே செங்கல்வராயன்தான், தேய்ந்துபோனதை எடுத்து வைத்திருந்து கொடுப்பான். தெருப் பையன்களுக்குத் தலைவன் மாதிரி இருந்தவன் கிஷோர், காலேஜ் படிக்கிறவன். அவன் தலையைச் சொறிந்தான்.

"டயர் இல்லாத போகியா அண்ணாத்தே? வெல்லம் இல்லாம பொங்க வச்ச மாதிரி கீதே."

"வண்டி வேல ஒண்ணு வருது நைனா. அது வந்துட்டா அடுத்த வருசம் நாலு டயரு தரேன். லாரி டயரே வாங்கித் தரேன்."

கிஷோர் கூண்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். "ஏரிக்கரை அந்தாண்ட போயி கொளுத்திக்கிறோம். இங்க மேளம் மட்டும் அடிப்போம், ஓகேவா?"

தெரு வாக்குக் கொடுத்தது. நம்மாட்கள் வாக்கு எப்படிப்பட்டது என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். அந்தத் தெரு வாக்கைக் காப்பாற்றியது. அதுதான் இந்தக் கதையில் ஆறாத இடம்.

பனி இறங்காமல் இருக்க, கூண்டைச் சுற்றி மூங்கில் நட்டு, வேம்புலியின் பழைய சேலைகளைப் பந்தல் மாதிரி கட்டியிருந்தான். துணி பெயின்ட்டில் படாமல் கையகலம் இடைவெளி விட்டிருந்தான். விடியற்காலையில் எழுந்து வந்து பார்த்தால் தெரு அமைதியாகக் கிடந்தது. ஏரிப் பக்கத்திலிருந்து மேளச் சத்தம் கேட்டது, புகை தூரத்தில் வேறு யாருடைய வானத்திலோ நின்றது. சேலையை விலக்கினான். உள்ளே கூண்டு தும்பைப்பூ மாதிரி இருந்தது. கோழியும் இல்லை, சிவப்பும் இல்லை. ஓரத்தில் விரலால் தொட்டான். லேசாக ஒட்டியது, ஆனாலும் இன்னும் கொஞ்ச நேரத்தில் இறுகிவிடும் போலிருந்தது. காற்றாடட்டும் என்று சேலைகளை ஒரு பக்கமாகச் சுருட்டிவிட்டான்.

"வந்து பாரு வேம்புலி."

அவள் வந்து பார்த்தாள். கூண்டின் உள்ளே தலையை நீட்டி முகர்ந்தாள். "வாடகூட இல்லய்யா," என்றாள். அவளுக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்துவிட்டது. அந்த நம்பிக்கையில்தான் கிழிந்த கோரைப்பாயை எடுத்துக்கொண்டு வந்தாள். "டயரு வேணாம். வாசல்ல ஒரு பொடி நெருப்பாவது காட்டணும்யா. நெருப்பே காட்டாத ஊட்ல பொங்க வைக்கக் கூடாது."

பாய் கோரைப்புல். எரிந்தால் சாம்பல், அவ்வளவுதான். அதனால் ஒன்றும் வந்திருக்காது. அவன் பாயைக் கொளுத்தினான், அவள் கோலமாவு எடுத்துவர உள்ளே போனாள். நெருப்பு நன்றாகப் பிடித்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றவனுக்கு அந்தப் பீடை ஞாபகம் வந்தது. கூண்டின் விளிம்பைச் சுற்றி இருந்த பழைய ரப்பர் பட்டையைக் கழற்றி மூலையில் போட்டிருந்தான். முட்டைக்காரன் கை பட்டது அது ஒன்றுதான் மிச்சம். மற்றதெல்லாம் தேய்ந்து சாக்கடையோடு போய்விட்டது. இதைக் கழிக்காமல் எதைக் கழிப்பது? ஊரையெல்லாம் டயர் கொளுத்தாதே என்று கும்பிட்டவன், அந்த ரப்பரை எடுத்து, பெயின்ட் கரைக்கிற தின்னர் துடைத்த கந்தலில் சுற்றி, தன் கையால் நெருப்பில் போட்டான். அது ரப்பர் என்று அவன் மனசில் படவே இல்லை. பீடை என்றுதான் பட்டது.

கந்தல் குப்பென்று பிடித்தது. ரப்பர் கரும்புகையாக எழுந்தது. வேறு காலமாக இருந்தால் மேலே போயிருக்கும். மார்கழிக் காற்றுக்குப் பனியின் கனம் உண்டே, புகையை ஓட்டு உயரத்துக்கு மேல் விடவில்லை. அது மடங்கி, படுத்து, தரையோடு நகர்ந்தது. அதிலிருந்து கறுப்பு நூல் நூலாகக் கருக்கல் உதிர்ந்தது.

செங்கல்வராயன் ஓடினான். கூண்டுக்கும் நெருப்புக்கும் நடுவில் நிற்பதா, நெருப்பை மிதிப்பதா என்று தெரியாமல் சுருட்டி வைத்த சேலையை இழுத்துப் போர்த்தினான். இடைவெளி விட்டுக் கட்டிய சேலை இப்போது நேரே பெயின்ட் மேல் விழுந்து ஒட்டிக்கொண்டது. வேம்புலி வாசலுக்கு வந்தபோது அவன் ஈரமான வெள்ளையிலிருந்து அவள் சேலையை மெல்ல உரித்துக்கொண்டிருந்தான். நெசவு முழுக்கப் பதிந்திருந்தது. கரையில் இருந்த மாங்காய்ப் பிஞ்சு ஒவ்வொன்றும் வரிசையாகப் பதிந்திருந்தது. மிச்ச இடமெல்லாம் ஈ மொய்த்த பாயசம் மாதிரி கறுப்புப் புள்ளி.

அவள் நெருப்பில் உருகிக்கொண்டிருந்த ரப்பரைப் பார்த்தாள். கோலமாவுக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினாள்.

துலுக்கானம் வந்தார். எதற்கெடுத்தாலும் நக்கல் அடிக்கிற மனுசன், அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய், உப்புத்தாளோடு திரும்பி வந்தார். செங்கல்வராயனுக்கு அப்போதுதான் பயம் வந்தது. அவர் சிரித்திருந்தால் பயம் வந்திருக்காது.

துடைத்தார்கள். தின்னர் பட்ட இடத்தில் கருக்கலோடு வெள்ளையும் வந்துவிட்டது. உள்ளிருந்த சிவப்பு கிளம்பி மேலே ஏறி, ரோஜாப்பூக் கலரில் கசிந்தது. தேய்த்தார்கள். மறுபடி அடிக்கப் பெயின்ட் பத்தவில்லை. கடையெல்லாம் பண்டிகைக்குச் சாத்தியாகிவிட்டது. ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர் என்று அலைந்தான். எல்லா ஷட்டரிலும் மாவிலைதான் தொங்கியது. கடைசியில் துலுக்கானம் தன் வீட்டுப் பரணிலிருந்து பாதி டப்பா எடுத்து வந்தார்.

"வெள்ளதான் மச்சான். லேசா பால் கலந்த வெள்ள. யாரு பாக்கப் போறான்?"

அடித்தார்கள். மாட்டுப் பொங்கலன்று வண்டிக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, முன்னால் மாலை போட்டார்கள். மாடு இல்லாதவனுக்கு வண்டிதானே மாடு. கூண்டில் மட்டும் பொட்டு வைக்க முடியவில்லை. அது இன்னும் காயவில்லை.

சொன்ன நாளில் அம்பத்தூருக்குக் கொண்டுபோனான். கம்பெனி வாசலில் வெள்ளை வெளேரென்று வண்டிகள் நின்றன. பார்க்க வந்த பையன் பெயர் பிரசன்னா, சிவகாசிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து அயப்பாக்கத்தில் ரூம் எடுத்திருப்பவன். மரியாதை தெரிந்த பிள்ளை. அதிகாரம் பண்ணியிருந்தால் கோபமாவது பட்டிருக்கலாம்.

"அண்ணே, வண்டிய கொஞ்சம் வெயில்ல எடுத்து நிப்பாட்டுங்க."

நிழலில் ஒரு வெள்ளையாக இருந்தது வெயிலில் இரண்டு வெள்ளையானது. பாதி பால், பாதி சுண்ணாம்பு. நடுவில் லேசாக ஒரு ரோஸ். பிரசன்னா குனிந்து, சாய்வாகப் பார்த்தான்.

"இது என்னண்ணே, மாங்கா மாதிரி? டிசைனா?"

"எம் பொண்டாட்டி பொடவ நைனா."

பிரசன்னா சிரிக்கலாமா என்று அவன் முகத்தைப் பார்த்தான். சிரிக்கவில்லை. "முடிவு நான் பண்றதில்லண்ணே. நாலு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்புவேன், ஆபீஸ்ல பாத்துச் சொல்வாங்க," என்று சொல்லி எடுத்து அனுப்பினான். இரண்டு டீ வரவழைத்தான். டீ ஆறுவதற்குள் பதில் வந்துவிட்டது. பிரசன்னா கைப்பேசியைப் பார்த்துவிட்டு, அதைச் சட்டைப்பையில் போட்டு, மறுபடி எடுத்துப் பார்த்தான்.

"இன்னா சொல்றாங்கோ?"

"சேராதுன்னு வந்திருக்குண்ணே."

"ஏன்னு ஏதாச்சும் சொல்லிக்கீதா?"

"இல்லண்ணே. அதெல்லாம் சொல்ல மாட்டாங்க." கூண்டை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, "ஒரு பட்டறைல விட்டு அடிச்சிருக்கலாம்ணே," என்றான்.

"வுட்டிருக்கலாம் நைனா," என்றான் செங்கல்வராயன். டீக் கிளாஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறினான். வெளியே வரும்போது வாட்ச்மேன் எழுந்து கேட்டைத் திறந்துவிட்டார். தன்னைவிட மூத்த ஆள். எப்போதும் கையை மட்டும் அசைத்துவிட்டுப் போகிறவன், அன்றைக்கு வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, அவரைப் பார்த்துக் கும்பிட்டான். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பின்னால் நின்ற வண்டிக்காரன் ஹாரன் அடித்தான்.

வீட்டுக்கு வந்ததும் வேம்புலி முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். சோற்றைப் போட்டாள். அவன் சாப்பிட்டு முடித்ததும், "லோகநாதன் சாரான்ட நாளிக்கி சொல்லிடட்டா?" என்றாள்.

"சொல்லிடு."

வண்டியை வாங்க வந்தவர் மாங்காட்டுக்காரர், செடி வியாபாரம். அவருக்குத் திறந்த தொட்டிதான் வேண்டும், செடிக்குக் காற்று வேண்டுமாம். கூண்டைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டிக்கொண்டு போனார். அது பழையபடி செங்கல் மேல் உட்கார்ந்தது. அதன் அடியில் இப்போது விறகு கிடக்கிறது, உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி கிடக்கிறது. மழையில் பால் வெள்ளை உரிந்தது. சிவப்பு தெரிகிறது. கண் தேய்ந்த கோழி அரைகுறையாக வந்து பார்க்கிறது.

காட்டுப்பாக்கத்தில் செங்கல்வராயனுக்கு நீலச் சட்டை கொடுத்திருக்கிறார்கள். வேலை ஒன்றும் கஷ்டமில்லை. வண்டி வந்தால் எழுந்து திறக்க வேண்டும், போனால் சாத்த வேண்டும். சாமான் கொண்டுவருகிற வெள்ளைக் கூண்டு வண்டிகள் ஒரு நாளைக்கு எத்தனையோ வரும். டிரைவர் மாடிக்குப் போன நேரத்தில் இவன் பக்கத்தில் போய்க் கூண்டின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்து, மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரு தடவை தடவிப் பார்ப்பான். ஒருத்தன் அதைப் பார்த்துவிட்டு, "இன்னா பெருசு, எதனா தேடுறியா?" என்று கேட்டான்.

"ஒண்ணுமில்ல. எந்தப் பட்டறைல அடிச்சது?"

"கம்பெனிலயே அப்டியே வந்தது."

"நல்லா அடிச்சிகீறாங்கோ," என்று சொல்லிவிட்டுத் திரும்ப வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான்.

வருசம் திரும்பி மறுபடி போகி வந்தது. முந்தின நாள் சாயங்காலம் கிஷோர் வாசலில் வந்து நின்றான். பையன்கள் கொஞ்சம் தள்ளி நின்றார்கள்.

"அண்ணாத்தே, இந்த வருசம் இங்கயே கொளுத்திக்கலாமா? இல்ல, ஏரியாண்டயே போவட்டா?"

கேட்டானே அந்தப் பிள்ளை. கேட்காமலே கொளுத்தியிருக்கலாம். தடுக்க இங்கே காய்கிற பெயின்ட் எதுவும் இல்லை.

செங்கல்வராயன் பின்பக்கம் போனான். வண்டியோடு போகாமல் சுவர் ஓரமாக ஒரு டயர் மிச்சம் இருந்தது, வழுக்கைத் தலையாகத் தேய்ந்தது. அதை உருட்டிக்கொண்டு வந்து கிஷோர் காலடியில் சாய்த்து நிறுத்தினான்.

"நாலு தரேன்னு சொன்னேன். ஒண்ணுதான் கீது," என்றான். "இங்கயே கொளுத்துங்க. நான் டூட்டிக்கு போயிடுவேன்."

விடியற்காலை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது தெருமுனையில் அது எரிந்துகொண்டிருந்தது. புகை படுத்து வந்து கூண்டின் மேல் ஏறிப் போயிற்று. வேம்புலி மூக்கைப் புடவையால் பொத்திக்கொண்டு முன்னால் நடந்தாள். அவன் பொத்திக்கொள்ளவில்லை. ஆவடியிலும் புகை, பூந்தமல்லியிலும் புகை. பஸ் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்துதான் போயிற்று. நீலச் சட்டையில் வந்து உட்கார்ந்த கருக்கலை அவன் தட்டவே இல்லை. காட்டுப்பாக்கத்தில் இறங்கியபோது கேட்டுக்கு வெளியே ஒரு வெள்ளை வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது. ஓடிப்போய்த் திறந்தான்.